இலைத்தூளில் என்னென்ன வேதிப்பொருட்கள், எவ்வளவு? ஆய்வகத்தில் கண்டறிவது எப்படி?

கேள்வி இது: நிழலில் உலர்த்திய இலைத்தூள் கையில் இருக்கிறது. அதில் என்னென்ன வேதிப்பொருட்கள், எவ்வளவு இருக்கின்றன என்று தெரிய வேண்டும். மெத்தனால் சாற்றை ஜிசி-எம்எஸ்ஸுக்குக் (பொருட்களை ஆவியாக்கிப் பிரித்து, நிறையைக் கொண்டு அடையாளம் காணும் கருவி) கொடுத்தால் போதுமா? மொத்த பீனால் அளவு ஒவ்வொரு முறையும் ஏன் மாறி மாறி வருகிறது?

முதல் கேள்விக்குப் பதில்: போதாது. ஒரு தாவரத்தின் முழு வேதியியலையும் காட்டும் கருவி எதுவும் கிடையாது. உலர்த்தும் விதம் ஒரு பகுதியை அழிக்கிறது; கரைப்பான் ஒரு பகுதியை மட்டும் இழுக்கிறது; கருவி அதிலும் ஒரு பகுதியைத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு படியிலும் எது விடுபட்டது என்று சொல்லத் தெரிந்தால்தான் கடைசியில் வரும் பட்டியலுக்கு அர்த்தம் உண்டு. இரண்டாவது கேள்விக்கான காரணமும் பெரும்பாலும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் (நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) இருக்காது. தூளிலும் பிரித்தெடுத்தலிலும் பிப்பெட்டிலும் இருக்கும். அதனால் தூளிலிருந்தே தொடங்குகிறேன்.

பறித்த இலையில் நொதிகள் உடனே ஓய்ந்துவிடுவதில்லை. இலை கசங்கியதும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் பீனால்களைப் பழுப்பாக்கத் தொடங்கும். குளுக்கோசிடேஸ் நொதிகள் கிளைக்கோசைடுகளிலிருந்து சர்க்கரையை வெட்டிவிடும். கடுகுக் குடும்பத் தாவரங்களில் இது இன்னும் தீவிரம்: குளுக்கோசினோலேட்டை மைரோசினேஸ் நொதி மிக வேகமாக உடைக்கும். அத்தகைய தாவரத்துக்கு நிழல் உலர்த்தல் நம்பகமான வழி அல்ல. இலையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, உறைந்த நிலையிலேயே அரைத்து, 70 முதல் 75 டிகிரி சூட்டில் இருக்கும் 70% மெத்தனாலில் நேராகப் போட வேண்டும். சூடு நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. மற்ற இலைகளுக்கு உறைவுலர்த்தல் சிறந்தது; வசதி இல்லையென்றால் காற்றோட்டமுள்ள ஓவனில் 40 டிகிரியில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, காம்பு வளையாமல் ஒடியும் வரை உலர்த்தலாம். ஈரப்பதம் மிகுந்த காலத்தில் நிழல் உலர்த்தல் பல நாள் இழுக்கும். பூஞ்சை வந்தால் அதன் வேதிப்பொருளும் உங்கள் பட்டியலில் ஏறிக்கொள்ளும். உறையவைத்த இலையை உருகவிட்டுப் பிறகு உலர்த்துவது இருப்பதிலேயே மோசமான வழி. பனிப் படிகங்கள் செல்களைக் கிழித்திருக்கும், உருகியதும் நொதியும் அதன் இலக்குப் பொருளும் ஒன்றாகக் கலந்துவிடும்.

அரைக்கும்போது மிக்சியைத் தொடர்ந்து ஓடவிடாதீர்கள். பத்துப் பதினைந்து விநாடி ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 40 மெஷ் சல்லடை, அதாவது சுமார் 0.42 மி.மீ. துளை, போதும். சல்லடையில் தங்குவதைக் கொட்டிவிடுவது பரவலாக நடக்கும் தவறு. தங்குவது நரம்பும் காம்பும்தான். அவற்றின் வேதியியல் இலைப்பரப்பின் வேதியியலிலிருந்து வேறுபட்டது. அதையும் மறுபடி அரைத்து முழுவதையும் சல்லடை வழியே இறக்கிவிட்டு, பிறகு ஒரே சீராகக் கலக்க வேண்டும்.

ஈரப்பதத்தைத் தனியாக அளந்தே ஆக வேண்டும். 2 கிராம் தூளை 105 டிகிரியில் 3 மணி நேரம் வைத்து, டெசிகேட்டரில் (ஈரம் புகாத கண்ணாடிக் கலன்) ஆறவிட்டு எடை பாருங்கள். மறுபடி ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். இரண்டு எடைக்கும் 2 மி.கி.க்குக் குறைவான வித்தியாசம் வரும்வரை தொடருங்கள். இந்தப் பங்குத் தூளைச் சாறு எடுக்கப் பயன்படுத்தக் கூடாது. நறுமண எண்ணெய் உள்ள தாவரத்தில் 105 டிகிரியில் எண்ணெயும் சேர்ந்து ஆவியாகி ஈரப்பதக் கணக்கில் விழும். அங்கே டொலுயீனோடு காய்ச்சி வடித்து நீரின் கன அளவை நேரடியாகப் படிக்கும் டீன்-ஸ்டார்க் முறைதான் சரி. இன்னொன்று: இதே செடியின் அழுத்தி உலர்த்திய மாதிரி ஒன்றை ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகம்) பதிந்து எண் வாங்கிவிடுங்கள். இனம் தவறாக அடையாளம் காணப்பட்டிருந்தால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் வேறொரு செடியின் எண்கள்.

அடுத்தது பிரித்தெடுத்தல். பீனால், ஃபிளேவனாய்டு வகைகளுக்குத் தூய மெத்தனாலைவிட 80% மெத்தனால் பொதுவாக நன்றாக வேலை செய்யும். நீர் செல்சுவரை ஊதவைக்கிறது, சர்க்கரை கோத்த கிளைக்கோசைடுகளையும் கரைக்கிறது. 1 கிராம் தூளைத் துல்லியமாக நிறுத்து, 15 மி.லி. ஊற்றி, சோனிகேட்டர் தொட்டியில் 20 நிமிடம் வைத்து, 4000 ஆர்பிஎம்மில் 10 நிமிடம் சுழற்றித் தெளிவை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் தங்கிய தூளில் இன்னும் இரு முறை இதையே செய்து, மூன்றையும் ஒன்றாக்கி 50 மி.லி. அளவுக் குடுவையில் கோடு வரை நிரப்புங்கள். சோனிகேட்டர் தொட்டி நீர் ஓட ஓடச் சூடேறும். வெப்பமானி வைத்துப் பனிக்கட்டி போட்டு 35 டிகிரிக்குள் வைத்திருங்கள். மூன்று முறை போதுமா என்பதை ஊகிக்க வேண்டாம். நான்காவது முறை எடுத்ததைத் தனியாக அளந்து பாருங்கள். மொத்தத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் மூன்றோடு நிறுத்தலாம். இத்தனைக்குப் பிறகும் செல்சுவரோடு எஸ்டர் பிணைப்பில் இருக்கும் ஃபெருலிக் அமிலம் போன்றவை சக்கையிலேயே தங்கும். அவை வேண்டுமென்றால் சக்கையை நைட்ரஜன் சூழலில் 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் பிளக்க வேண்டும்.

சாக்ஸ்லெட் (கரைப்பானைத் திரும்பத் திரும்பக் காய்ச்சித் தூளின் மீது இறக்கும் கருவி) கொழுப்புக்கு நல்ல கருவி, பீனாலுக்கு அவ்வளவு நல்லதல்ல. தூளின் மீது விழுவது குளிர்ந்த கரைப்பான்தான். ஆனால் இறங்கிய சாறு அடிக்குடுவையில் மணிக்கணக்கில் கொதித்துக்கொண்டே இருக்கும். சாற்றை வற்றவைக்க ரோட்டரி எவாபரேட்டர் தொட்டி 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. மெத்தனால் போன பிறகு மிஞ்சும் நீரைச் சூட்டால் விரட்டாமல் உறைவுலர்த்தலில் எடுங்கள்.

நிறச் சோதனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவற்றுக்குத் தரப்படும் இடம் அவற்றின் தகுதிக்கு மிஞ்சியது. ஃபெரிக் குளோரைடில் கருநீலம் வந்தால் ‘டானின் உண்டு’ என்று எழுதுகிறார்கள். டானின் அல்லாத பல பீனால்களும் அந்த நிறத்தைத் தரும். டிராகன்டார்ஃப் கரைசலில் ஆரஞ்சு வீழ்படிவு ஆல்கலாய்டுக்கு மட்டும் உரியதல்ல, புரதமும் சில கூமரின்களும் அதைத் தரும். ஆல்கலாய்டு சோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால், தூளை நீர்த்த அமிலத்தில் எடுத்து, அம்மோனியாவால் பி.எச். 9 முதல் 10 வரை உயர்த்தி, குளோரோஃபார்முக்கு மாற்றி, அதிலிருந்து மறுபடி நீர்த்த அமிலத்துக்குக் கொண்டுவந்து, அந்த அமில அடுக்கில் மேயர், டிராகன்டார்ஃப் இரண்டையும் போட்டுப் பாருங்கள். புரதம் வழியிலேயே கழன்றுவிடும். குவாட்டர்னரி ஆல்கலாய்டுகள் குளோரோஃபார்முக்கு வராமல் நீரிலேயே நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பச்சை இலைச் சாறு என்றால் ஹெக்சேனால் கழுவிப் பச்சையத்தை எடுத்த பிறகே எந்த நிறச் சோதனையும் நம்பத்தக்கது.

அந்த நேரத்தை மென்படலப் பிரிகைக்குக் கொடுங்கள். செலவு குறைவு, அரை நாளில் முடியும், சாற்றில் எத்தனை வகைப் பொருட்கள் என்று கண்ணால் பார்க்கலாம். பிரிகை முறையே தாவர ஆய்வில் பிறந்ததுதான். ருஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெட் இலை நிறமிகளைக் கால்சியம் கார்பனேட் நிரப்பிய குழாயில் இறக்கிப் பிரித்தார். 1906இல் அதற்கு ‘குரோமட்டோகிராஃபி’ என்று பெயரிட்டார். இன்றைக்குச் சிலிக்கா ஜெல் 60 எஃப்254 தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து 1 செ.மீ. மேலே 5 மைக்ரோலிட்டர் சாற்றை ஒரே இடத்தில் சிறிது சிறிதாக, ஒவ்வொரு முறையும் உலரவிட்டு வையுங்கள். பொட்டு 3 மி.மீ.க்கு மேல் பரவினால் பட்டைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். சர்க்கரை இல்லாத ஃபிளேவனாய்டுகளுக்கு டொலுயீன், எத்தில் அசிட்டேட், ஃபார்மிக் அமிலம் 5:4:1. கிளைக்கோசைடுகள் இதில் புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். அவற்றுக்கு எத்தில் அசிட்டேட், ஃபார்மிக் அமிலம், அசிட்டிக் அமிலம், நீர் 100:11:11:26. கண்ணாடித் தொட்டிக்குள் வடிதாள் சுற்றி, கரைப்பான் ஆவி நிறைய அரை மணி நேரம் மூடிவையுங்கள். இதைத் தவிர்த்தால் கரைப்பான் முகப்பு ஓரங்களில் வளைந்து ஏறும், ஆர்எஃப் மதிப்பு (கரைப்பான் ஏறிய தூரத்தில் பொருள் ஏறிய பங்கு) நாளுக்கு நாள் மாறும். முதலில் 254, பிறகு 365 நானோமீட்டர் ஒளியில் படம் எடுத்துவிட்டு, டெர்பீன்களுக்கு அனிசால்டிஹைடு-கந்தக அமிலம் தெளித்து 105 டிகிரியில் 5 நிமிடம் சூடேற்றுங்கள். பக்கத்திலேயே குவெர்செட்டின், ரூட்டின் போன்ற தூய ஸ்டாண்டர்டுகளையும் ஓடவிடுங்கள்.

இப்போது ஜிசி-எம்எஸ். இது ஆவியாகும் பொருளை மட்டுமே பார்க்கும். ரூட்டின், டானின், சப்போனின் எதுவும் 250 டிகிரி சூட்டில் இருக்கும் ஊசிமுனையை (சாற்றைச் செலுத்தும் நுழைவிடம்) தாண்டி முழுதாக வராது. மெத்தனால் சாற்றை அப்படியே செலுத்தினால் அதிலுள்ள சர்க்கரை ஊசிமுனையில் கருகி, 5-ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபியூரல், டைஹைட்ரோபைரனோன் போன்றவற்றைத் தரும். இவை தாவரத்தின் பொருளாகவே எத்தனையோ அட்டவணைகளில் ஏறியிருக்கின்றன. நிறை நிறமாலையில் 149 (நிறை-மின்சுமை விகிதம்) உச்சமாக வரும் தாலேட்டுகள் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்ப்பவை) பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாயிலிருந்தும் கரைப்பான் புட்டியின் மூடியிலிருந்தும் வருபவை. 73, 207, 281 என்று வரிசையாக வந்தால் அது சிலாக்சேன், பிரிப்புக் குழாயின் உள்பூச்சோ குப்பியின் செப்டமோ கசிகிறது. கொழுப்பு அமில மெத்தில் எஸ்டர்கள் நிறைய வந்தால், மெத்தனாலே வழியில் எஸ்டராக்கியிருக்கலாம். இதைப் பிரித்தறிய ஒரு வழி, அதே தூளை ஹெக்சேனில் எடுத்து ஓட்டிப் பார்ப்பது. மெத்தில் எஸ்டர் அங்கே மறைந்தால் அது தாவரத்தினுடையது அல்ல. இதற்கெல்லாம் ஒரே காவல், தூள் போடாமல் மற்ற எல்லாப் படிகளையும் அப்படியே செய்து எடுத்த வெற்றுச் சாறு. அது இல்லாத ஜிசி-எம்எஸ் அட்டவணையை நம்ப வேண்டாம்.

நறுமண எண்ணெய்க்கு ஜிசி-எம்எஸ்தான் உரிய கருவி. கிளெவென்ஜர் கருவியில் (நறுமண எண்ணெய் வடிக்கும் கண்ணாடிக் கருவி) 3 மணி நேரம் நீர்க்காய்ச்சி வடித்த எண்ணெயை நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தி, ஹெக்சேனில் நூறில் ஒரு பங்காக நீர்த்துச் செலுத்தலாம். 30 மீட்டர் நீளம், 0.25 மி.மீ. உள்விட்டம், 0.25 மைக்ரான் படலம், 5% பினைல் பூச்சுள்ள குழாய்; 60 டிகிரியிலிருந்து நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் 240 வரை. காய்ச்சும்போதே சில பொருட்கள் உருமாறும்: கேமொமில் எண்ணெயின் நீல நிறத்துக்குக் காரணமான கமசுலீன் பூவில் அப்படியே இருப்பதில்லை, மெட்ரிசின் காய்ச்சலில் சிதைந்து அது உண்டாகிறது. அடையாளம் காண, கருவியின் நிறமாலை நூலகத்தோடு பொருந்துவது மட்டும் போதாது. செஸ்குவிடெர்பீன்களின் நிறை நிறமாலைகள் ஒன்றுபோலவே இருக்கும். 95 சதவீதப் பொருத்தத்தோடு தவறான பெயர் வரும். நார்மல் ஆல்கேன் (கிளையில்லாத ஹைட்ரோகார்பன்) கலவையை அதே நிரலில் ஓட்டி, ஒவ்வொரு பீக்குக்கும் (வரைபடத்தில் ஒரு பொருள் தரும் உச்சம்) ரிடென்ஷன் குறியெண் (அது வெளிவரும் நேரத்தை ஆல்கேன்களோடு ஒப்பிட்ட எண்) கணக்கிட்டு, அதே வகைக் குழாயில் பதிவான மதிப்போடு ஒப்பிடுங்கள். பீக் பரப்பு சதவீதம் அளவு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 20 சதவீதப் பரப்பு என்றால் கருவி கண்டவற்றின் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். இலையில் 20 சதவீதம் அல்ல.

சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் ஆகியவற்றையும் ஜிசியில் பார்க்கலாம், ஆனால் அவற்றின் முனைவுத்தொகுதிகளை மூடிய பிறகு. முற்றிலும் உலர்ந்த சாற்றில் பிரிடினில் கரைத்த மெத்தாக்சிஅமீன் ஹைட்ரோகுளோரைடு (மி.லி.க்கு 20 மி.கி.) சேர்த்து 30 டிகிரியில் 90 நிமிடம், பிறகு எம்எஸ்டிஎஃப்ஏ (முனைவுத்தொகுதிகளை மூடும் சிலைல் வினைப்பொருள்) சேர்த்து 37 டிகிரியில் 30 நிமிடம். துளி ஈரம் இருந்தாலும் வினைப்பொருள் நீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும்.

பீனால், ஃபிளேவனாய்டு, பெரும்பாலான ஆல்கலாய்டுகளுக்கு ஹெச்பிஎல்சிதான் (உயர் அழுத்தத் திரவப் பிரிகை) வழி. 250 × 4.6 மி.மீ., 5 மைக்ரான் சி18 குழாய், 30 டிகிரி, நிமிடத்துக்கு 1 மி.லி.; ஒரு பக்கம் 0.1% ஃபார்மிக் அமிலம் கலந்த நீர், மறுபக்கம் அசிட்டோநைட்ரைல், 5 சதவீதத்திலிருந்து படிப்படியாக ஏற்றம். அமிலம் எதற்கென்றால், பீனாலிக் அமிலங்கள் அயனியாகி பீக் வால் இழுப்பதைத் தடுக்க. டயோடு வரிசைக் கண்டறியானில் காலிக் அமிலம், கேட்டகின் ஆகியவற்றை 280இலும், குளோரோஜெனிக் அமிலத்தை 325 அளவிலும், ஃபிளேவனால்களை 360இலும், ஆந்தோசயனின்களை 520 நானோமீட்டரிலும் பாருங்கள். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். நைலான் வடிகட்டி பீனாலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிடிஎஃப்ஈ (டெஃப்லான்) வடிகட்டி எடுங்கள், முதல் அரை மி.லி.யைக் கொட்டிவிடுங்கள். சாறு 80% மெத்தனாலில் இருக்க, ஓட்டம் 5% அசிட்டோநைட்ரைலில் தொடங்கினால், சீக்கிரம் வரும் பீக்குகள் இரண்டாகப் பிளக்கும். சாற்றை நீரால் நீர்த்தோ, 20க்குப் பதில் 5 மைக்ரோலிட்டர் செலுத்தியோ சரிசெய்யலாம். ரிடென்ஷன் நேரம் ஒத்துவந்தால் மட்டும் பெயர் எழுதிவிடக் கூடாது. புற ஊதா நிறமாலையும் ஒத்துவர வேண்டும், ஸ்டாண்டர்டைச் சாற்றோடு கலந்து ஓட்டினால் அதே பீக் பக்கத்தில் புடைப்பு இல்லாமல் உயர வேண்டும்.

நிறைமானியோடு இணைத்தால் இன்னும் உறுதி. எதிர்மறை அயனி முறையில் ரூட்டின் 609இல் தெரிந்து, உடைந்து 301 தரும். குளோரோஜெனிக் அமிலம் 353இலிருந்து 191. ஆனால் லூட்டியோலினும் கெம்ஃபெராலும் இரண்டுமே 285தான், ஒரே மூலக்கூறு வாய்பாடு. துல்லிய நிறை எத்தனை தசமம் வந்தாலும் அவற்றைப் பிரிக்காது, ஸ்டாண்டர்டு வேண்டும். முற்றிலும் புதிய பொருள் என்று சந்தேகம் வந்தால், சில மி.கி. தூய்மையாகப் பிரித்தெடுத்து என்எம்ஆருக்குக் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கொண்டுபோவதைத் தவிர வேறு வழியில்லை.

தாதுக்களுக்கு வேறு பாதை. 0.5 கிராம் தூளில் 7 மி.லி. நைட்ரிக் அமிலம், 1 மி.லி. ஹைட்ரஜன் பெராக்சைடு, மூடிய மைக்ரோவேவ் கலனில் 200 டிகிரி, பிறகு ஐசிபி (பிளாஸ்மாவில் தனிமங்களை அளக்கும் கருவி). இலையைக் கழுவாமல் உலர்த்தியிருந்தால் இரும்பும் அலுமினியமும் மண்ணின் கணக்கு. பீச் இலை, ஆப்பிள் இலைச் சான்றுப் பொருட்கள் (தனிம அளவு உறுதிசெய்யப்பட்ட ஒப்பீட்டு மாதிரிகள்) அமெரிக்க அளவைத் தர நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யிடம் 1547, 1515 எண்களில் உண்டு; ஒவ்வொரு தொகுதியோடும் ஒன்றைச் சேர்த்துச் செரிக்க வேண்டும். ஜெல்டால் முறையில் அளந்த மொத்த நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்பது இலைக்குப் பெரும்பாலும் மிகை, ஆல்கலாய்டு போன்ற புரதமல்லாத நைட்ரஜனும் புரதமாகக் கணக்கில் ஏறும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஃபோலின்-சியோகால்ட்யூ கரைசல் 1927இல் புரதத்திலுள்ள டைரோசினையும் டிரிப்டோபேனையும் அளக்க உருவானது. 1965இல் சிங்கிள்டனும் ரோசியும் அதை ஒயினின் பீனாலுக்கு ஒழுங்குபடுத்தினார்கள். அது ஒடுக்கும் திறனை அளக்கிறது. அஸ்கார்பிக் அமிலம், ஒடுக்கும் சர்க்கரை, டைரோசின் எல்லாம் சேர்ந்துதான் அந்த நீலம். எனவே ‘மொத்த பீனால்’ என்பதைக் காலிக் அமிலத்துக்குச் சமமான அளவு என்று மட்டுமே எழுத வேண்டும்.

செய்முறை: 20 மைக்ரோலிட்டர் சாறு, 1.58 மி.லி. நீர், 100 மைக்ரோலிட்டர் ஃபோலின் கரைசல். கலக்கி, அரை நிமிடத்துக்குப் பிறகு, 8 நிமிடத்துக்குள் 300 மைக்ரோலிட்டர் 20% சோடியம் கார்பனேட். 20 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து 765 நானோமீட்டரில் படியுங்கள். காலிக் அமில ஸ்டாண்டர்டுகள் லிட்டருக்கு 50, 100, 150, 250, 500 மி.கி.; அவையும் சாறும் ஒரே கரைப்பானில் இருக்கட்டும். கார்பனேட்டை முதலில் ஊற்றினால் காரத்தில் கரைசலே சிதைந்துவிடும். பொன்மஞ்சளாக இருக்க வேண்டிய ஃபோலின் கரைசல் பச்சையாகத் திரும்பியிருந்தால் பயன்படுத்தாதீர்கள். கார்பனேட் குளிரில் படிகமாகும். கியூவெட்டில் (ஒளி அளக்கும் சிறு குப்பி) கலங்கல் தெரிந்தால் சுழற்றித் தெளியவைத்த பிறகே படிக்க வேண்டும்.

கணக்கு இப்படி. 1 கிராம் தூளிலிருந்து 50 மி.லி. சாறு, அதை 5 மடங்கு நீர்த்து அளந்ததில் லிட்டருக்கு 180 மி.கி. வந்தது என்று வைத்துக்கொள்வோம். 180 × 5 = 900; 0.05 லிட்டரில் 45 மி.கி. தூளில் ஈரம் 8 சதவீதமென்றால் உலர் எடை 0.92 கிராம், 45 ÷ 0.92 = 48.9. ஆக, உலர் தூள் ஒரு கிராமுக்கு 48.9 மி.கி. சிலர் உலர்ந்த சாறு ஒரு கிராமுக்கு என்று தருகிறார்கள். எதற்கு என்று எழுதாவிட்டால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. அலுமினியம் குளோரைடு முறையிலும் இதே எச்சரிக்கை: 415 நானோமீட்டரில் படிப்பது ஃபிளேவோன், ஃபிளேவனால்களை மட்டும் காட்டும், கேட்டகின்களைக் காட்டாது, நைட்ரைட் சேர்த்து 510இல் படிக்கும் முறை கேட்டகினோடு குளோரோஜெனிக் அமிலத்தையும் இழுத்துக்கொள்ளும்.

மாறுபாடு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். தூளை நன்றாகக் கலக்கி மூன்று தனித்தனி 1 கிராம் நிறுங்கள், தனித்தனியாகச் சாறு எடுங்கள், ஒவ்வொரு சாற்றிலும் மூன்று தனித்தனி ஃபோலின் சோதனை செய்யுங்கள். ஒரே சாற்றின் மூன்று அளவுகள் 3 சதவீதத்துக்கு மேல் சிதறினால் குற்றம் பிப்பெட்டில். மெத்தனால் முனையிலிருந்து தானாகச் சொட்டும், 20 மைக்ரோலிட்டரில் அது பெரிய பிழை. முனையை இரண்டு மூன்று முறை சாற்றால் நனைத்துவிட்டு எடுங்கள். அல்லது சாற்றை 5 மடங்கு நீரில் நீர்த்து 100 மைக்ரோலிட்டர் எடுத்து, நீரை 1.5 மி.லி.யாகக் குறைத்து, ஸ்டாண்டர்டுகளையும் அதே மாதிரி நீர்த்துச் செய்யுங்கள். ஒரு சாற்றுக்குள் அளவுகள் நெருக்கமாக இருந்து, சாற்றுக்குச் சாறு சிதறினால் தூள் சீராக இல்லை, அல்லது சோனிகேட்டர் தொட்டியில் குழாய்கள் ஒரே இடத்தில், ஒரே சூட்டில் இல்லை. அன்றைக்கு எல்லாமே ஒத்துவந்து, அடுத்த வாரம் மட்டும் எண் இறங்கினால் சாறு பழசாகிவிட்டது என்று பொருள். பழுப்புக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி, மைனஸ் 20 டிகிரியில் வைத்து, ஒரு முறை உருகவிட்ட குப்பியை மறுபடி உறையவைக்காதீர்கள்.